மாந்தோப்புக்கு மேலே ஒரு மறைப்பு

நாலு மாதமாக ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லை வைத்து நாட்களை ஓட்டிவந்த ஜாஹிரா பீவி, மாசி பிறந்த மூன்றாம் நாள் காலையில், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே வாய் திறந்தாள்.

“காட்டுக்கோழி ஆணம் கிடைக்குமா?”

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்த ஹபீபுல்லாவுக்குக் கை பாதியில் நின்றது. தென்காசியில் அவர்கள் வீடு ஒரே நீள அறை. முன்பாதி தறிக்கு, பின்பாதி குடித்தனத்துக்கு. அந்தப் பின்பாதியிலிருந்து இப்படி ஒரு முழு வாக்கியம் வந்து எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் ஐப்பசியில் போய் முட்டும். ஐப்பசியில் பிள்ளை இறந்து பிறந்தது. அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்த அவன் அக்கா அலிமா கொண்டுவந்து வைக்கும் தட்டுகள் வந்தபடியே திரும்பிப் போயின. ஜாஹிராவின் கையிலிருந்து வளையல்கள் தாமாகக் கழன்று பாயில் கிடந்தன.

“கிடைக்கும். ஏன் கிடைக்காம?” என்றான். குழம்பு வைக்கக் காட்டுக்கோழி எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

“கண்ணியில மாட்டினது வேண்டாம். அது செத்துக் கெடந்து கைக்கு வரும், ஹலால் இல்ல. வாப்பா வில்லு மேல கெடக்கு.”

அதோடு முடிந்தது.

அவளுடைய வாப்பா ஒலி முகம்மது செங்கோட்டையில் மலைச்சரக்கு வாங்கி விற்றவர். தேனும் ஏலமும் கொண்டுவரும் மலைவாசிகளிடம் பழகி வில் பிடிக்கக் கற்றவர். பெண்பிள்ளை என்று பார்க்காமல் பன்னிரண்டு வயது வரைக்கும் ஜாஹிராவைக் காட்டோரத்துக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார் என்று கல்யாணத்தின்போது யாரோ குறையாகச் சொன்னது ஹபீபுல்லாவுக்கு நினைவிருந்தது. அவர் இறந்தபின் அந்த வில் பழைய துணியில் சுற்றி இங்கே வந்தது. யாரும் தொடாமல் உத்தரத்தில் கட்டிக் கிடந்தது.

அவன் அதை இறக்கினான். மூங்கில் வில், நெஞ்சுயரம். இரும்புமுனை வைத்த ஐந்து அம்புகள். கொல்லையில் ஒரு வாழைத்தண்டை நட்டு, பத்தடி தள்ளி நின்று எய்து பழகினான். ஆறாம் நாள் பத்துக்கு ஏழு தண்டில் தைத்தது. அம்பு தைக்கும் ஓசை ஒவ்வொரு தடவையும் உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்டிருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. தறிச்சத்தம் இல்லாத நேரத்தில் அவர்கள் வீட்டு மௌனம் அப்படி. அதற்குள் ஒருவர் நடமாடினால் மற்றவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய குற்றாலம் போகிற வழியில் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அதற்குக் காவல் நெல்லையப்பன். ஹபீபுல்லாவிடம் வருஷா வருஷம் வேட்டி வாங்குகிறவர். தோப்புக்கு மேலே பட்டா நிலம் ஒன்று தரிசாகக் கிடந்தது. அதைத் தாண்டினால் காடு. விடியும் நேரத்தில் காட்டுக்கோழிகள் அந்தத் தரிசில் இறங்கி மேயும் என்று அவர்தான் சொன்னார்.

“வில்லை வச்சா அடிக்கப் போறீரு? சீசனுக்கு வாற தொரைமாரு தோட்டாவ வச்சே காத்தத்தான் அடிக்கானுவ. அந்தக் கோழி நம்மள நாம பாக்குறதுக்கு முன்னாடி பாத்துருமேவே.”

“மறைப்புக் கட்டி உள்ள உக்காரப் போறேன் அண்ணாச்சி.”

“கட்டும், கட்டும். வேணுங்கிற கொழை வெட்டிக்கிடும். பூ இருக்க கொப்புல மட்டும் கைய வச்சீரோ, கோழிக்கு முன்னாடி நீரு விழுவீரு.”

ஹபீபுல்லாவுக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒரே விதம்தான் தெரியும். ஆகவே அவன் முதலில் ஒரு குழி தோண்டினான். தறிக்குழி அளவு, முழங்கால் ஆழம். அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொண்டால் நாள் முழுக்க இருக்கலாம். மேலே நாலு கம்பு நட்டு இலையோடு கொழை சாத்திவிடலாம்.

தோண்டும்போது நெல்லையப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

“என்னவே பாய், சின்னக் குழியா இருக்கு? யாரப் பொதைக்க?”

ஹபீபுல்லா நிமிரவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளி வெளியே போட்டான். இதே மாதிரி ஐப்பசி மழை ஈரத்தில் கையால் மண் அள்ளியிருக்கிறான். பள்ளிவாசல் மையவாடியின் ஓரத்தில் தோண்டியது இதைவிடச் சின்னக் குழி. நெல்லையப்பனுக்கு அது தெரியாது. சற்று நேரம் நின்று பார்த்தவர், எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மட்டும் புரிந்துகொண்டு, ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து குழிக்கரையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள், வெளிச்சம் பரவுவதற்கு முன்பே மறைப்புக்குள் போய் உட்கார்ந்தான். அரைமணி கழித்துச் சேவல் ஒன்று புதரிலிருந்து வெளியே வந்தது. நாணை இழுத்தான். அம்பை விடும்போது இறைவன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் தறியில் முதல் இழை ஓட்டும்போது எந்தக் குரலில் சொல்வானோ அதே குரலில் அவன் “பிஸ்மில்லாஹ்” என்றான். சேவல் ஒரே எவ்வில் காட்டுக்குள் போயிற்று. அம்பு வில்லைவிட்டுக் கிளம்பக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, நடந்ததை அலிமாவிடம் சொன்னான். அலிமா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏன் தம்பி, பாங்கு சொல்லிக் கூப்பிட்டிருந்தா தொழவாவது வந்திருக்குமே.”

உள்ளே சுவர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

“வாய்க்குள்ள சொன்னா அல்லாவுக்குக் கேக்காதாமா?”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசினால் அந்தக் குரல் ஓடிவிடும் என்பதுபோல அலிமா அடிமேல் அடிவைத்து வெளியே போனாள்.

இரண்டு நாள் விட்டு மறுபடி போனான். பிஸ்மியை வாய்க்குள் சொன்னான். சேவல் கொழை இடுக்கில் நேராகத் தெரிந்தது. நாணை வலக்கையால் இழுத்தான். இழுத்த அந்தக் கணமே அவன் கால் குழிக்குள் ஓங்கி மிதித்தது. காய்ந்த சருகு நொறுங்கியது. சேவல் தலையைத் தூக்கியது. அவன் நாணைத் தளர்த்தினான், கால் மேலே வந்தது. மறுபடி இழுத்தான், மறுகால் மிதித்தது. இருபது வருஷமாகக் கை கயிற்றை இழுக்கும்போதெல்லாம் கால் மிதிகட்டையை அழுத்திவந்த உடம்பு. இது தறி இல்லை என்று அதற்கு யார் சொல்வது? கொல்லையில் நின்றுகொண்டு எய்தபோது தெரியாத குற்றம், குழியில் உட்கார்ந்ததும் தெரிந்தது. கோழி போய்விட்டது.

இதை அவன் வீட்டில் சொன்னபோது ஜாஹிரா சுவரைவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவன் முழுதாகப் பார்த்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

“காட்டுல போயித் தறி நெஞ்சியளாக்கும்?”

“என்ன செய்ய? கால் எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது.”

“குழிய ஏன் தோண்டினிய? வாப்பா குழியே தோண்டினதில்ல. சம்மணம் போட்டுத்தான் உக்காருவாக. சம்மணம் போட்டா கால் எங்கிட்டுப் போவும்?”

“எனக்கு அது தோணல.”

“தரையில சருகு கெடந்துச்சா?”

“கெடந்துச்சு.”

“அதப் பெருக்கிட்டு வெறும் மண்ணுல உக்காரணும். முன்னாடி என்ன சாத்தியிருக்கிய?”

“மாங்கொழை.”

“பின்னாடி?”

“பின்னாடி ஒண்ணும் இல்ல. கோழி முன்னாடிதான வருது.”

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை நிமிர்த்தி வைத்தாள். “இதுதான் மறைப்பு” என்றாள். போர்வையைக் கொண்டுபோய் அதன் பின்னால் குவித்தாள். பின்பக்கம்தான் முக்கியம் என்றாள். பின்னால் வெளிச்சம் இருந்தால் உள்ளே அசைகிற ஆள் நிழலாகத் தெரியும். அதனால் பின்னும் பக்கமும் கறுப்புச் சாக்குக் கட்ட வேண்டும். முன்னால் ஒரு கை அகலத்துக்குத் துவாரம் போதும். முகத்தைத் துவாரத்தோடு ஒட்டி வைக்கக்கூடாது, ஒரு முழம் உள்ளே தள்ளி இருட்டில் உட்கார வேண்டும். காலை வெயில் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும், கோழியின் கண்ணில் அடிக்க வேண்டும்.

“குருணை போட்டியளா?”

“ஒரு கைப்பிடி போட்டேன்.”

“வீட்டுக் கோழிக்குப் போடுத மாதிரி! மாட்டுச் சாணி போடுங்க, காஞ்சது. அதுல புழு இருக்கும். கிண்டிக்கிட்டே நிக்கும், தலையத் தூக்காது. பிறவு, பெட்டையத் தொடக்கூடாது, முட்டை வைக்கிற காலம். சேவல் மட்டுந்தான்.”

இத்தனையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அலிமா அந்த நேரம் பார்த்துக் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள். பேசிய களைப்பிலோ என்னவோ, பாதிக் கிண்ணம் உள்ளே போயிற்று. ஹபீபுல்லா தறியில் போய் உட்கார்ந்தான். அன்று நெய்ததில் இரண்டு இடத்தில் இழை தப்பியிருந்தது.

மறுநாளே குழியை மூடினான். மூடிய மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்யும்போது மனம் ஏதோ லேசானது. சாக்குகளுக்குக் கரியைக் குழைத்துப் பூசிக் காயவைத்துக் கட்டினான். நெல்லையப்பனின் தொழுவத்திலிருந்து காய்ந்த சாணி வந்தது.

“ஒம்ம கோழிக்குப் பந்தி பலமாத்தான் இருக்குவே” என்றார் அவர்.

மூன்றாம் தடவை சேவல் வந்தது. பத்தடியில் நின்றது. சாணியைக் கிளறிக் கிளறித் தின்றது. எதிர்வெயில் அதன்மேல் முழுக்க விழுந்தது. ஹபீபுல்லா நாணை இழுத்தான். கால் மடங்கி அதன்பாட்டில் கிடந்தது. இந்தத் தூரத்தில் வாழைத்தண்டில் கடைசி நாட்களில் அவன் தவறவிட்டதே இல்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதை இன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவள் எதைப் பற்றிப் பேசுவாள்? ஆணம் வைப்பார்கள். அவள் இரண்டு மிடறு குடிப்பாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். சொல்ல அவனிடம் ஒரு கதை இருக்காது, திருத்த அவளுக்கு ஒரு பிழை இருக்காது.

நாணை மெதுவாகத் தளர்த்தினான். சேவல் தின்று முடித்து, ஒருதரம் கூவிவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது.

“வரல” என்று வீட்டில் சொன்னான்.

“ஒருநா வரும், ஒருநா வராது” என்றாள் அவள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டாள். பீடி குடித்தானா என்று கேட்டாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனதற்குத் திட்டினாள். மறுநாள் பழுப்புச் சட்டையோடு போனான். அன்றும் சேவல் வந்தது, அன்றும் வரவில்லை என்றே சொன்னான். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு நாளும் ஒரு பொய்ப் பிழையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். அவள் அதைத் திருத்தினாள். பாயில் கிடந்தவள் வாசல் நடைவரை வந்து உட்காரத் தொடங்கினாள். கிண்ணக் கஞ்சி முழுக்கிண்ணமாகவில்லை, ஆனால் பாதிக்குக் குறையவும் இல்லை. தான் செய்வது நல்லதா கெட்டதா என்று திரும்பிவரும் வழியெல்லாம் சைக்கிள் மிதித்தபடி யோசிப்பான். தென்காசிக் கோபுரம் கண்ணில் படும்வரைக்கும் விடை வராது. அதற்குப் பிறகு யோசிக்கப் பயமாக இருக்கும்.

ஆறாம் தடவை போய்வந்த அன்று வாய் தவறியது. நடையில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பிழை சொல்வது என்று தேடிக்கொண்டே ஏதோ பேச்சில் சொன்னான்:

“இந்தக் காட்டுச் சேவல் என்ன அழகா இருக்குட்டி! கழுத்து இறகு ஒவ்வொண்ணு நுனியிலயும் மஞ்ச மெழுகு தெளிச்ச மாதிரி ஒரு பொட்டு. அப்பிடி ஒரு கரை எந்தத் தறியிலயும் போட முடியாது.”

ஜாஹிரா தலையை நிமிர்த்தினாள்.

“அந்தப் பொட்டு எப்பத் தெரியும் தெரியுமா உங்களுக்கு?”

அவன் சைக்கிளைச் சுவரில் இன்னும் சரியாகச் சாத்தினான்.

“பத்தடிக்குள்ள வரணும். வெயில் எதிர்ல அடிக்கணும். அது அசையாம நிக்கணும். ரொம்ப நேரம் நிக்கணும்.” அவள் குரல் மெல்ல மெல்ல ஏறியது. “வரல, வரலன்னு வந்து சொன்னிய?”

“ஜாஹிரா...”

“எத்தன நா?”

“நாலு நா.”

“நாலு நா பக்கத்துல வந்து நின்னுச்சு. நாலு நாளும் விட்டுட்டு வந்து எங்கிட்டக் காத்து அந்தப் பக்கம் அடிச்சுது, இந்தப் பக்கம் அடிச்சுதுன்னு சொல்லியிருக்கிய. நானும் கோட்டி மாதிரி ராத்திரியெல்லாம் எங்க தப்புன்னு யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன்!”

“நீ பேசினியேட்டி” என்றான் அவன். “அடிச்சுட்டா நீ பேச மாட்டியோன்னு விட்டுட்டேன்.”

ஜாஹிரா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று பகல் முழுக்க அவர்களுக்கிடையில் பேச்சில்லை. ஆனால் இது நாலு மாதத்து மௌனம் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அது பஞ்சுப் பொதி மாதிரி, எதைப் போட்டாலும் சத்தமில்லாமல் விழுங்கும். இதற்குள் பாத்திரம் உருண்டது, பானை மூடி தரையில் விழுந்தது, பாய் உதறப்பட்டது. தறியில் அமர்ந்து அவன் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் இப்படிக் கோபப்பட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து தறியின் அந்தப் பக்கம் நின்றாள்.

“நாளைக்கு நானும் வாரேன். நாந்தான் அடிப்பேன்.”

முதல் பஸ்ஸில் குற்றாலம் போய் இறங்கி, அங்கிருந்து ஒற்றைமாட்டு வண்டியில் போனார்கள். அலிமா நாலு இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தாள். ஹபீபுல்லாவுக்குத்தான் அது. தம்பி பெண்டாட்டி சாப்பிடுவாள் என்று அவள் எண்ணவில்லை. தோப்பில் நெல்லையப்பன் வண்டியைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். “வாங்க தாயி. ஒங்க மாப்ளைக்கு அந்தக் கோழி சொந்தக்காரன் ஆயிட்டான். நீங்களாவது பாத்து முடிங்க” என்று மாமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மறைப்புக்குள் நுழையுமுன் ஜாஹிரா வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி மடித்துக் கீழே போட்டு அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உள்ளே சாணிவாடை கலந்த இருட்டு. இருவர் தோளும் உரசும் இடம்தான். சாக்குக்கட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். துவாரத்தைப் பார்த்தாள். ஒன்றும் குறை சொல்லவில்லை. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிறகு காத்திருந்தார்கள். வெளிச்சம் மலையிலிருந்து ஒவ்வொரு பாறையாகக் கீழே இறங்கியது. எங்கோ ஓடைநீர் கல்லில் சிந்திக்கொண்டிருந்தது. அவள் மூச்சு அவனுக்குக் கேட்டது. இத்தனை நாளும் ஒரே கூரைக்குக் கீழே இருவரும் தனித்தனியாக மௌனமாக இருந்தார்கள். இங்கே இருந்தது ஒரே மௌனம். இருவரும் ஒன்றுக்காகவே பேசாமல் இருந்தார்கள். இது கலைந்தாலும் பரவாயில்லை, நீடித்தாலும் பரவாயில்லை என்று அவனுக்குப் பட்டது.

சேவல் வந்தது. புதரோரம் நின்று பார்த்தது, நடந்து வந்தது, சாணியைக் கிளற ஆரம்பித்தது. ஜாஹிரா வில்லைத் தூக்கினாள். அவள் உதடு அசைந்தது. நாண் அவள் மோவாய்க்கு ஒரு சாண் முன்னால்வரை வந்து நின்றுவிட்டது. முழங்கை நடுங்கியது. பல்லைக் கடித்து இன்னும் இழுத்தாள். இன்னொரு விரல் அகலம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வில் முழுவதும் ஆடியது. அவன் கையை நீட்டப் போனான். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

இப்படியே விட்டால் அம்பு கோழியின் காலடியில் விழும், அல்லது காயப்படுத்தி அனுப்பும். அது அவளுக்குத் தெரியும். நாணைத் தளர்த்தி வில்லை மடியில் வைத்தாள். சேவல் தின்று முடித்துத் தன் வழியே போனது.

ஹபீபுல்லா அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. தன் வலக்கையை இடக்கையால் சுற்றிப் பிடித்து, ஒரு தறிச்சாமானின் கனத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பன்னெண்டு வயசுல இத இழுத்திருக்கேன்” என்றாள். “இப்பக் கையில ஒண்ணுமில்ல.”

“மெதுவா வரும்.”

“சும்மா இருந்தா எப்பிடி வரும்?” அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். “அந்தப் பொட்டலத்த எடுங்க.”

இலையைப் பிரித்தாள். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். முதல் வாய் இறங்க நேரமாயிற்று. தண்ணீர் குடித்தாள். இரண்டாவது வாய் சீக்கிரம் போனது. பசியால் சாப்பிடுகிறவள் மாதிரி அல்ல, ஏதோ வேலையை முடிக்கிறவள் மாதிரிதான் சாப்பிட்டாள். மூன்றாவது இட்லியில் அந்த வேலைமுகம் மாறியது. இலையில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்தாள். நாலாவதில் அவனை நினைத்துக்கொண்டதுபோல ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் தின்றாள்.

“நோன்பு பொறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள இழுத்துருவேன். அதுவரைக்கும் நீங்க அந்தச் சேவலத் தொடக்கூடாது.”

“தொடல.”

“வேற எதாவது இருக்கா?”

“எதுக்கு?”

“திங்கத்தான்.”

அவன் மறைப்பிலிருந்து குனிந்து வெளியே வந்து, சரிவில் கிட்டத்தட்ட ஓடினான். நெல்லையப்பன் குடிசை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“என்னவே, விழுந்துருச்சா?”

“இல்ல அண்ணாச்சி, போயிருச்சு.”

“போயிருச்சா? பிறவு ஏன்வே இப்பிடிச் சிரிச்சுக்கிட்டு வாறீரு?”

“சோறு எதாவது இருக்கா?”

நெல்லையப்பன் வாய்த்தண்ணீரைத் துப்பிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “பழைய சோறுதான் கெடக்கு. ரெண்டு வெங்காயம் இருக்கு. அந்தத் தாயிக்கா?”

“ஆமா.”

“மோர் மொளவாயும் இருக்கு, இரும்” என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்து குடிசைக்குள் போனார்.